பாட்டிகள் உட்கார்ந்த பெஞ்சு: கவுன்சிலிங் வரலாற்றில் ஒரு பக்கம்

கவுன்சிலிங் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஏ.சி. அறை, மெத்தென்ற சோபா, கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு டாக்டர். சினிமா கற்றுக்கொடுத்த படம் அது. ஆனால் உலகெங்கும் உள்ள மனநல மருத்துவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்த ஒரு கவுன்சிலிங், ஆஸ்பத்திரி வாசலில் போட்டிருந்த மரப் பெஞ்சில்தான் நடந்தது. அதைக் கொடுத்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பாட்டிகள்! இடம், ஆப்பிரிக்காவில் உள்ள ஜிம்பாப்வே.

இந்தப் பெஞ்சு எப்படி வந்தது, அதில் உட்கார்ந்து என்னதான் பேசினார்கள், அது உண்மையிலேயே பலன் தந்ததா என்பதைப் பார்ப்பதற்கு முன்னால், கவுன்சிலிங் என்பதே எப்படி மாறி மாறி வந்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

சோபாவிலிருந்து தொடங்கிய கதை

வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டு தன் நோயாளிகளைச் சாய்ந்து படுக்க வைத்துப் பேசச் சொன்னார். அவர் பயன்படுத்திய அந்தச் சோபா இன்றும் லண்டனில் உள்ள ஃபிராய்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மனிதனின் நடத்தைக்குக் காரணம் அவன் அடிமனதில், அதுவும் சிறு வயது அனுபவங்களில் புதைந்திருக்கிறது என்பது அவர் கொள்கை. அதைத் தோண்டி எடுக்க வாரத்தில் பல நாட்கள், சில சமயம் ஆண்டுக்கணக்கில் பேச வேண்டும். பணமும் நேரமும் உள்ளவர்களுக்கு அது சரி. அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவனுக்கு?

அடுத்து வந்தவர் அமெரிக்கர் கார்ல் ரோஜர்ஸ். 1942ல் வெளிவந்த தன் புத்தகத்தில் 'நோயாளி' என்ற சொல்லை விட்டுவிட்டு 'கிளையன்ட்' என்று எழுதினார். கேட்பதற்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் அதன் பொருள் பெரியது. வந்திருப்பவர் கோளாறு பிடித்தவர் அல்ல, தனக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிந்தவர். அவருக்கு வழி காட்டுவதைவிட, அவர் பேசுவதை முழுமையாகக் கேட்பதே கவுன்சிலரின் முதல் வேலை என்றார் ரோஜர்ஸ்.

சரி, கேட்டாயிற்று. அப்புறம்?

இந்த 'அப்புறம்' என்ற கேள்விக்குப் பதில் தேடியவர்களில் முக்கியமானவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரோன் பெக் (1921-2021). ஃபிராய்டு வழியில் பயிற்சி பெற்றவர் அவர். 1960களில் மனச்சோர்வு உள்ளவர்களை ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். அவர்கள் மனதில் "நான் எதற்கும் லாயக்கில்லை", "இது என்றுமே சரியாகாது" போன்ற எண்ணங்கள் தாமாகவே ஓடிக்கொண்டே இருந்தன. அந்த எண்ணம் மனதைச் சோர்வாக்குகிறது, சோர்ந்த மனம் செயலை முடக்குகிறது, செயல் முடங்கியதும் "பார், நான் லாயக்கில்லைதான்" என்று பழைய எண்ணம் இன்னும் பலமாகிறது. இந்தச் சக்கரத்தை கிளையன்ட்டே கண்டுபிடித்து, எங்காவது ஓரிடத்தில் வெட்ட வேண்டும் என்றார் பெக்.

1971ல் தாமஸ் டிசுரில்லா, மார்வின் கோல்ட்ஃபிரைடு என்ற இரு உளவியலாளர்கள் இன்னும் நேரடியான ஒரு வழியை எழுதினார்கள். பலருடைய மனத்துயரத்துக்குப் பின்னால் தீராத அன்றாடப் பிரச்சினைகள் இருக்கின்றன. ஆகவே பிரச்சினையைத் தீர்க்கும் திறமையையே பாடம்போலப் படிப்படியாகக் கற்றுக்கொடுக்கலாம் என்பது அவர்கள் வாதம். படிகள் ஐந்து. பிரச்சினையை வாழ்க்கையின் ஒரு பகுதியாக ஏற்பது, அது என்ன என்று தெளிவாகச் சொல்வது, முடிந்தவரை பல வழிகளை யோசிப்பது, ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, செய்து பார்த்துவிட்டுச் சரியாக வந்ததா என்று பரிசோதிப்பது. அவ்வளவுதான்!

இவ்வளவு எளிமையானது வேலை செய்யுமா என்ற சந்தேகம் பலருக்கும் இருந்தது. இங்கிலாந்தில் நடந்து, 1995ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. மனச்சோர்வுக்காகக் குடும்ப டாக்டரிடம் வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு அமிட்ரிப்டிலின் மாத்திரை, ஒரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை, இன்னொரு பிரிவினருக்கு இந்தப் பிரச்சினை தீர்க்கும் பயிற்சி. ஆறே சந்திப்புகளில் பயிற்சி பெற்றவர்கள், உண்மையான மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இணையாகத் தேறியிருந்தார்கள்.

ஆறு சந்திப்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை இனி ஆப்பிரிக்கா போகிறது.

அதிகமாக யோசிக்கும் நோய்

1990களில் ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேக்கு ஓர் இந்திய மனநல மருத்துவர் போனார். பெயர் விக்ரம் படேல். மும்பையில் பிறந்தவர். அங்குள்ள மக்கள் தங்கள் மனத்துயரத்தை எந்த வார்த்தைகளில் சொல்கிறார்கள் என்று ஆராய்ந்தார். ஷோனா மொழியில் அவர்கள் அடிக்கடி சொன்ன சொல் 'குஃபுங்கிசிசா'. பொருள், அளவுக்கு அதிகமாக யோசிப்பது. யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோகிறது, தூக்கம் வரவில்லை, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை... மேல்நாட்டுப் புத்தகங்கள் மனச்சோர்வு, பதற்றம் என்று தனித்தனியாக எழுதியதை அந்த மக்கள் ஒரே சொல்லில் சொன்னார்கள்.

படேலும் அவருடன் வேலை செய்தவர்களும் உள்ளூர் வார்த்தைகளைக் கொண்டே 14 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். யாருக்கு உதவி தேவை என்பதை ஒரு சாதாரணச் சுகாதார ஊழியரே கண்டுபிடித்துவிடலாம். படேல் பிறகு கோவாவுக்கு வந்து, மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் ஊழியர்களைக் கொண்டு மனநல சிகிச்சை தர முடியும் என்று நிரூபிக்கும் ஆய்வுகளை நடத்தினார். அது தனிக்கதை. ஹராரேயில் அவர் விட்டுவந்த 14 கேள்விகள், பத்தாண்டு கழித்துப் பெஞ்சுக்கு உதவின.

நாடே நொறுங்கிய நேரம்

2005 மே மாதம் ஜிம்பாப்வே அரசு 'முரம்பட்ஸ்வினா' என்ற நடவடிக்கையைத் தொடங்கியது. குப்பையை விரட்டு என்பது அதன் பொருள். அனுமதியின்றிக் கட்டப்பட்டவை என்று சொல்லி நகரங்களில் ஏழைகளின் வீடுகளும் சிறு கடைகளும் இடித்துத் தள்ளப்பட்டன. சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ, பிழைப்பையோ, இரண்டையுமோ இழந்தார்கள் என்று ஐ.நா. தூதர் அறிக்கை கொடுத்தார்.

ஏற்கெனவே எச்.ஐ.வி. ஒரு தலைமுறையையே வாட்டியிருந்தது. பணவீக்கமோ, பொருளாதாரப் பாடப் புத்தகத்தில் உதாரணமாகக் காட்டும் அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2008 ஜூலையில் அரசே அறிவித்த பணவீக்கம் 23 கோடி சதவீதத்துக்கும் மேல்! 2009 ஜனவரியில் 100 டிரில்லியன் டாலர் நோட்டு அச்சிட்டார்கள். ஒன்றுக்குப் பின்னால் 14 சைபர். பாடுபட்டுச் சேர்த்த சேமிப்பு ஒரு ரொட்டிக்குக்கூட ஆகாமல் போன நாட்டில் மக்கள் குஃபுங்கிசிசா என்று சொன்னதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அப்போது அந்த நாட்டில் இருந்த மனநல மருத்துவர்கள் ஒரு டஜன் பேர் அளவுக்குத்தான். மக்கள்தொகையோ ஒரு கோடிக்கும் மேல். அந்த ஒரு டஜனில் ஒருவர் டிக்சன் சிபாண்டா.

பதினைந்து டாலர்

சிபாண்டாவிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். வயது 26. ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தும் ஏன் வரவில்லை என்று கேட்டபோது அவருடைய தாய் சொன்ன பதில், பஸ்ஸுக்குப் பதினைந்து டாலர் இல்லை என்பதுதான். வெகு தூரம் தள்ளியிருந்தது அவர்கள் ஊர்.

மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது, சிகிச்சை முறையும் இருந்தது. இடையில் நின்றது பஸ் கட்டணம். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு நோயாளிகள் வருவார்கள் என்று காத்திருப்பதில் பொருளில்லை என்று சிபாண்டா முடிவு செய்தார். இதைப் பின்னாளில் 2017ல் டெட் மேடையில் அவரே சொன்னார்.

2006ல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் வேலையைத் தொடங்கினார். ம்பாரே நெரிசலான, ஏழைகள் நிறைந்த இடம். வீடு இடிப்பில் பெரிதும் அடிபட்ட பகுதிகளில் ஒன்று. அவருக்குப் பணம் கிடைக்கவில்லை. நர்சுகளுக்கு வேலைப்பளு. சுகாதார நிலையத்தில் அறையும் இல்லை. கிடைத்தது 14 பாட்டிகள் மட்டுமே! அந்தப் பகுதியிலேயே பல ஆண்டுகளாகச் சுகாதாரப் பணி செய்துவந்த மூத்த பெண்கள் அவர்கள். உட்கார இடம் வேண்டுமே? கட்டடத்துக்கு வெளியே ஒரு பெஞ்சைப் போட்டார்கள்.

முதலில் அதற்கு 'மனநலப் பெஞ்சு' என்று பெயர் வைத்தார் சிபாண்டா. பாட்டிகள் சிரித்திருப்பார்கள் போல. அந்தப் பெயர் வைத்தால் ஒருவரும் உட்கார மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். பைத்தியம் என்ற பட்டம் யாருக்கு வேண்டும்? அப்படி வந்ததுதான் 'நட்புப் பெஞ்சு' என்ற பெயர்.

பெஞ்சில் என்ன நடந்தது?

பாட்டிகளுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது, மேலே சொன்ன பிரச்சினை தீர்க்கும் முறைதான். ஆனால் ஆங்கிலக் கலைச்சொற்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று ஷோனா சொற்களில் அதை அமைத்தார்கள்.

முதலாவது, குவுரா ப்ஃபுங்வா. மனதைத் திறப்பது. வந்தவர் தன் கதையைச் சொல்ல, பாட்டி கேட்பார். பிரச்சினைகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பட்டியலாகும். அதில் எதை முதலில் எடுப்பது என்று வந்தவரே தேர்வு செய்ய வேண்டும்.

இரண்டாவது, குசிமுட்சிரா. தூக்கிவிடுவது. தேர்ந்தெடுத்த ஒரு பிரச்சினைக்கு என்னென்ன செய்யலாம் என்று யோசித்து, ஒரு செயல்திட்டம் போடுவது.

மூன்றாவது, குசிம்பிசா. பலப்படுத்துவது. அடுத்தடுத்த வாரங்களில் வந்து, செய்தது என்ன, செய்ய முடியாதது என்ன என்று பேசித் திட்டத்தைச் சரிசெய்வது.

மொத்தம் ஆறு சந்திப்புகள்.

இது எப்படி நடக்கும் என்று புரிய ஒரு கற்பனை உதாரணம் பார்க்கலாம். ம்பாரே சந்தையில் தக்காளி விற்ற ஒரு பெண். கடை இடிக்கப்பட்டுவிட்டது. கணவன் வேலை தேடிப் போனவன் திரும்பவில்லை. வாடகை பாக்கி. தனக்கு எச்.ஐ.வி. இருப்பது போன மாதம்தான் தெரிந்தது. மாத்திரை வாங்கவும் போகவில்லை. பகல் முழுக்கப் படுத்தே கிடக்கிறார். "உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் அவர் சொல்லும் பதில், "எல்லாமே."

இந்த 'எல்லாமே' என்பதுதான் எதிரி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தீர்க்க யாராலும் முடியாது. முடியாது என்பதால் ஒன்றையும் தொடுவதில்லை. தொடாததால் ஒவ்வொன்றும் வளர்கிறது. பெக் சொன்ன அதே சக்கரம்! அவர் சோம்பேறியாக இருப்பதால் படுத்துக் கிடக்கவில்லை. வெளியே போனால் வீட்டுக்காரர் கண்ணில் படுவோம், மாத்திரை வாங்கப் போனால் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற பயத்தில் படுத்திருக்கிறார். இன்றைக்கு அந்தப் படுக்கை அவரைக் காப்பாற்றுகிறது, நாளைக்கு அதுவே அவரைக் கெடுக்கிறது. தன் நடத்தைக்குள் இருக்கும் இந்தக் கணக்கை அவரே பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி இலக்கு. "நான் நல்லா ஆகணும்" என்பது ஆசை. "கடனை எல்லாம் அடைக்கணும்" என்பதும் ஆசைதான். "வியாழக்கிழமை காலையில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் மாத்திரைச் சீட்டு வாங்குவேன்" என்பது இலக்கு. இதில் நாள் இருக்கிறது, துணை இருக்கிறது, செய்தோமா இல்லையா என்று அடுத்த வாரம் சொல்லவும் முடியும். ஒரு கம்பெனி "லாபம் பெருக வேண்டும்" என்று மட்டும் தீர்மானம் போட்டால் எந்த ஊழியருக்கும் திங்கட்கிழமை காலையில் என்ன செய்வதென்று தெரியாது அல்லவா? அதே நியாயம்தான் இங்கேயும்.

இதில் பாட்டிகளுக்கே கடினமாக இருக்கக்கூடிய பாடம் ஒன்று உண்டு. வயதில் மூத்தவர்கள் வாயைத் திறந்தாலே புத்திமதி வருவது எல்லா ஊரிலும் வழக்கம். "புருஷனைத் தேடிப் போ", "கோவிலுக்குப் போ" என்று சொல்லிவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் அது பாட்டியின் இலக்கு, வந்தவரின் இலக்கு அல்ல. அடுத்தவர் போட்டுக்கொடுத்த இலக்கு தோற்றால் "அவங்க சொன்னாங்க, செஞ்சேன், நடக்கலை" என்று கைகழுவிவிடலாம். தானே தேர்ந்தெடுத்த சின்ன வேலை நிறைவேறினால் "என்னால் முடிந்தது" என்ற நினைப்பு வருகிறது. மாத்திரைச் சீட்டைவிட அந்த நினைப்புத்தான் பெரிய மருந்து.

எல்லாவற்றையும் பாட்டிகளே பார்த்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உடனே மேலே இருக்கும் மேற்பார்வையாளருக்கும், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கும் அனுப்பி வைக்கும் ஏற்பாடு இருந்தது.

பலன் தந்ததா?

நல்ல மனதோடு செய்கிற எல்லாமே பலன் தந்துவிடாது. ஆகவே அளந்து பார்த்தார்கள். அந்த 14 கேள்விகளில் எத்தனைக்கு 'ஆம்' என்று பதில் வருகிறது என்பதே அளவுகோல். 2011ல் வெளியான முதல் ஆய்வில் சராசரி மதிப்பெண் 11.3லிருந்து 6.5ஆகக் குறைந்திருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு இல்லை. காலப்போக்கில் தானாகவே குறைந்திருக்கலாம் என்று யாரும் வாதிடலாம்.

எனவே பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. ஹராரேயில் 24 சுகாதார நிலையங்கள், 573 பேர். குலுக்கல் முறையில் பாதி நிலையங்களில் பெஞ்சு, மீதி நிலையங்களில் வழக்கமான சிகிச்சையோடு கூடுதல் கவனிப்பு. பங்கேற்றவர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்கள். முடிவுகள் 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயின.

ஆறு மாதம் கழித்து வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 49.9 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில்? 13.7 சதவீதம்! 14 கேள்விகளின் சராசரி மதிப்பெண், முதல் பிரிவில் 8.90, பெஞ்சுப் பிரிவில் 3.81.

அதன் பிறகு பெஞ்சு வேகமாகப் பரவியது. ஜிம்பாப்வேயின் மற்ற ஊர்கள், மலாவி, சான்சிபார், அமெரிக்காவின் நியூயார்க் என்று போனது. 2022 கால்பந்து உலகக் கோப்பையின்போது கத்தாரில் 32 அணிகளைக் குறிக்கும் வகையில் 32 நட்புப் பெஞ்சுகள் வைக்கப்பட்டன. வழக்கமாகப் பணக்கார நாட்டில் கண்டுபிடிப்பார்கள், ஏழை நாடு பின்பற்றும். இங்கே அது தலைகீழானது.

தீராத கேள்விகள்

குறைகள் இல்லாமல் இல்லை. 2016 ஆய்வில் பங்கேற்றவர்களில் 86 சதவீதம் பேர் பெண்கள். ஆண்கள் பெஞ்சுக்கு வரத் தயங்கினார்கள். 13.7 சதவீதம் என்பது நல்ல எண்தான். ஆனால் ஏழு பேரில் ஒருவருக்கு ஆறு மாதம் கழித்தும் துயரம் தீரவில்லை என்றும் அதைப் படிக்கலாம்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. வீட்டை இடித்தது அரசு. பணத்தைச் செல்லாக் காசாக்கியது பொருளாதாரக் கொள்கை. அப்படியிருக்க, பாதிக்கப்பட்ட பெண்ணைப் பெஞ்சில் உட்கார வைத்து "உன் நடத்தையைப் புரிந்துகொள், சின்ன இலக்கு வை" என்று சொல்வது நியாயமா? குற்றம் செய்தவனை விட்டுவிட்டு அடிபட்டவளைத் திருத்துவது போல ஆகாதா?

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பெஞ்சு இடிந்த வீட்டைக் கட்டித் தரவில்லை. ஆனால் பெஞ்சை நடத்தியவர்கள் பேச்சோடு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சந்திப்புகள் முடிந்த பெண்களுக்காக 'குபட்டானா டோசே' என்ற குழுக்கள் வந்தன. எல்லோரும் சேர்ந்து கைகோப்போம் என்று பொருள். பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பைகள் பின்னி விற்றார்கள். பேசிக்கொண்டே பின்னுவார்கள், பின்னியதில் கொஞ்சம் வருமானமும் வரும். மனநலமும் பிழைப்பும் ஒன்றோடொன்று ஒட்டியவை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அதோடு, அரசு திருந்தும் வரை அந்தப் பெண் படுத்தே கிடந்தால் நஷ்டம் அவருக்குத்தான். மாத்திரை சாப்பிடாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. வியாழக்கிழமை எழுந்து போய்ச் சீட்டு வாங்குவது அநீதியை ஏற்றுக்கொள்வதாகாது. அநீதியைக் கேட்பதற்கும் ஆள் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

ஃபிராய்டின் சோபாவிலிருந்து ம்பாரேயின் பெஞ்சு வரை ஒரு நூற்றாண்டு ஓடியிருக்கிறது. அதில் கவுன்சிலிங் படிப்படியாக எளிமையாகி, டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்து, கடைசியில் பஸ்ஸுக்குக் காசில்லாதவரும் நடந்தே போய்ச் சேரும் தூரத்துக்கு வந்தது. சிபாண்டா தொடங்கியபோது இருந்தவர்கள் 14 பாட்டிகள். அந்த ஊர் மொழி தெரிந்தவர்கள், அந்த ஊர்க் கஷ்டம் தெரிந்தவர்கள். பொறுமையாகக் கேட்கவும், ஒரு நேரத்தில் ஒரு பிரச்சினையை மட்டும் எடுக்கவும், அடுத்த வாரம் மறக்காமல் விசாரிக்கவும் அவர்களுக்குச் சொல்லித்தர முடிந்தது. அப்படியானவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள்.